உம்முடைய வாதம் எங்கே?



மருத்துவ மாணவியாக, தோட்டப் பெண்களின் குருதிச்சோகை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். "விவரணம் சரி, உம்முடைய வாதம் எங்கே?" என்ற குறிப்புடன் கட்டுரை திரும்பி வந்தது.

தேயிலைக்கு முன் நம் மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் அதன் இலைநோய்ப் பங்கசை பெர்க்லி விவரித்துப் பெயரிட்டார். அது விவரணம், அதுவும் தேவை. 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட், 'ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?' என்று கேட்டார். காற்றில் பறக்கும் வித்திகளையும், இடைவெளியில்லாமல் கோப்பியையே நட்டதையும் இணைத்துக் காரணம் காட்டினார். அது விமர்சனம். விமர்சனம் என்றால் குறை சொல்வதல்ல. சான்றை எடைபோட்டு முடிவுக்கு வருவது.

கட்டுரையை மறுபடி எழுத உட்கார்ந்தபோது அம்மா நினைவுக்கு வந்தார். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு, லயத்தில் எல்லோருக்கும் பரிமாறி, மிஞ்சியதைச் சாப்பிடுவார். அது ஒரு வீட்டின் கதை, முடிவாகாது. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய 'ஏன்' அங்கேதான் இருந்தது.

கேள்வி கேட்க விடாத பெரட்டுக்களத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் நாம். தங்கைமாரே, நல்லதண்ணியிலிருந்து எங்கே படிக்கப் போனாலும், பார்த்ததை எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல், ஏன் என்றும் எழுதுங்கள்.