மூன்று பெயர் பெற்ற பெண்



இன்று ஒரு சீன நாவலைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். ஷாங் லிங் என்னும் அம்மையார் 2017-ல் வெளியிட்டது. ஷெல்லி பிரையன்ட் மொழிபெயர்த்து, 2020-ல் 'எ சிங்கிள் ஸ்வாலோ' என்று ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் கனடாவில் செவித்திறன் சோதிக்கும் பணியில் இருந்தவர்.

1945 ஆகஸ்டு 15. ஜப்பான் பணிந்த செய்தி வருகிறது. யூவேஹு என்ற சீனக் கிராமத்தில் மூவர் கூடியிருக்கிறார்கள்: அமெரிக்கப் போதகர் பில்லி, அமெரிக்கக் கடற்படை வீரர் இயன், சீன இளைஞன் லியூ. இறந்த பின் ஆண்டுதோறும் இதே நாளில் இங்கே சந்திப்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அப்படியே ஆவிகளாக வந்து பேசுகிறார்கள். (ஆவி பேசுமா என்று நாம் வழக்காட வேண்டாம், கதைதானே.) பேச்செல்லாம் ஒரு பெண்ணைப் பற்றியது. லியூவுக்கு அவள் ஆ யான், போதகருக்கு ஸ்டெல்லா, இயனுக்கு விண்ட்.

ஜப்பானியச் சிப்பாய்கள் அவளைக் கெடுத்தார்கள். ஆனால் பழி விழுந்தது யார்மேல்? அவள்மேல்தான்! ஊர் ஏசியது, அவளுக்கென்று குறிக்கப்பட்ட லியூவும் விலகிப்போனான். நம் தெருவில் இப்படி நடந்திருந்தால், தண்ணீர்க் குழாயடியில் நாம் என்ன பேசியிருப்போம்?

போதகர் அவளுக்கு அடைக்கலம் தந்து மருத்துவம் கற்பித்தார். ஏசிய ஊருக்கே அவள் வைத்தியம் பார்த்தாள். பயிற்சி முகாமிலிருந்த ஓர் இளைஞன் அவளிடம் முறைதவறி நடக்க முயன்றான். பிறகு அவன் போரில் மாண்டான். தலை வேறு, உடல் வேறு. அந்தத் தலையை உடலோடு சேர்த்துத் தைத்தவள் அவளே. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.