ஆப்பிள் சாறு சைடராகும் விதம்: முதல் நான்கு லிட்டர்

இட்லி மாவை அரைத்து இரவில் மூடி வைக்கிறோம். காலையில் மாவு பொங்கி மூடியைத் தூக்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு வாயுவை வெளிவிடுவதால் நேர்வது அது. இன்று நாம் பேச இருக்கும் சைடர் என்னும் பானமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆப்பிள் சாறு புளித்தால் சைடர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் பிரான்சின் நார்மண்டியிலும் உழவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிறார்கள்.

ஆப்பிள் மரமே இல்லாத கேலாங்கில் இது எப்படி வந்தது என்று கேட்கலாம். கேலாங் சாலைக்கு வடக்கே ஒற்றைப்படை எண் லோரோங்குகள், தெற்கே இரட்டைப்படை எண் லோரோங்குகள். அவற்றுள் ஒன்றில் குடியிருந்த நண்பர்கள் மூவர் நாங்கள். பேரங்காடியில் மலிவு விலையில் ஆப்பிள் சாறு கிடைத்தது, ஆசையும் பிறந்தது. அந்த முதல் முயற்சி எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதைச் சொல்வதற்காகவே இந்தப் பேச்சு என்றாலும் தவறில்லை.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் பதினெட்டு வயது நிரம்பியவர், உரிமம் இல்லாமலே, தம் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பியர், வைன், சைடர் போன்றவற்றைப் புளிக்க வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது. விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கவே கூடாது. ‘சம்சு’ என்ற சொல்லைக் கேட்டால் நம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் அல்லவா? கள்ளச் சாராயத்தில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கலப்படமாகச் சேரும் மெத்தனால். சாற்றை வெறுமனே புளிக்க வைக்கும்போது ஆபத்தான அளவுக்கு அது உண்டாவதில்லை. இன்னொன்று: 2015 ஏப்ரல் முதல், இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை உண்டு. கேலாங்கிலும் லிட்டில் இந்தியாவிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆகவே வீட்டில் செய்ததை வீட்டுக்குள்ளேயே அருந்துவது நல்லது.

இனி சாற்றைத் தேர்ந்தெடுப்போம். பனையிலிருந்து இறக்கும் சாறு தானே புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும். கடைச் சாறு சிலவற்றில் இந்தச் சுண்ணாம்பின் வேலையைச் செய்யும் பொருள்கள் உண்டு. சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சோர்பேட் என்று உறையில் அச்சிட்டிருந்தால் அந்தச் சாறு வேண்டாம். ஈஸ்ட் அதில் வளராது. வைட்டமின் சி சேர்த்திருந்தால் பாதகமில்லை. சூடுபடுத்திப் பதப்படுத்திய சாறும் ஆகும்.

ஐந்து லிட்டர் கொள்ளும் சாடி ஒன்றில் நான்கு லிட்டர் சாறு போதும். நுரை எழும்ப இடம் வேண்டும். சாடி, குழாய், கரண்டி அனைத்தையும் கழுவிக் கிருமி நீக்க வேண்டும். குழந்தைகளின் பால் புட்டிக்குப் பயன்படும் மாத்திரையே இதற்குப் போதும்; பின்னர் கொதித்து ஆறிய நீரால் அலச வேண்டும். கண்ணாடிச் சாடியில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும். சாற்றை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, வைனுக்கான ஈஸ்ட் ஐந்து கிராம் பொட்டலத்தில் பாதியைத் தூவுங்கள். ரொட்டி ஈஸ்டும் வேலை செய்யும்; ஆனால் மாவு வாடை அடிக்கும், அடியில் எளிதில் படியாது. சர்க்கரை சேர்க்காத தே-ஓ ஒரு குவளை, ஆறிய பின் சேர்த்தால் இலேசான துவர்ப்பு வரும். சாப்பிடுவதற்கென வளர்த்த ஆப்பிளில் அந்தத் துவர்ப்பு குறைவு.

மூடியில் ஒரு துளையிட்டு, குழாயைச் செருகி, அதன் மறுமுனை ஒரு குவளை நீருக்குள் இருக்கும்படி செய்யுங்கள். வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது. காற்று புகுந்தால் சைடர் காடியாகிவிடும். இந்த நான்கு லிட்டரில் ஏறக்குறைய 400 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் பாதியளவு மதுவாகவும் மீதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. அந்த வாயு மட்டும் சுமார் நூறு லிட்டர்! அதனால்தான் சாடியை இறுக மூடக் கூடாது.

நம் ஊர் வெப்பம் இந்த ஈஸ்டுக்குச் சற்று அதிகம். 20 பாகை அளவில் நல்ல மணம் வரும். 30 பாகையில் வேகமாகப் புளித்து நாவைச் சுடும் கார வாடை சேரும். ஈரத்துணி சுற்றுவது நம் ஈரக் காற்றில் அவ்வளவாகப் பலன் தராது. சாடியைத் தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்து, பனிக்கட்டியாக உறைந்த தண்ணீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுவது நலம். இடையில் அழுகிய முட்டை நாற்றம் வரலாம். பெரும்பாலும் தானே போய்விடும்.

இப்போது எங்கள் கதை. எட்டாம் நாள் வெயில் தாங்கவில்லை என்று சாடியைக் குளிர்சாதன அறைக்கு மாற்றினோம். மறுநாள் குமிழிகள் நின்றன. முடிந்துவிட்டது என்று எண்ணி, கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, இறுக மூடி, சமையலறை அலமாரியில் அடுக்கினோம். நான்காம் நாள் இரவு வெடித்தது ஒரு புட்டி. அதன் அதிர்ச்சியில் பக்கத்துப் புட்டியும் போயிற்று. அரிசி வாளி முழுவதும் கண்ணாடித் துகள். பக்கத்து வீட்டுப் பாட்டி கேஸ் சிலிண்டர் என்று நினைத்து ஓடி வந்தார். அந்நேரம் யாராவது அலமாரியைத் திறந்திருந்தால்? நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது.

நடந்தது இதுதான்: குளிரில் ஈஸ்ட் உறங்கியது, சமையலறைச் சூட்டில் விழித்துக்கொண்டு மீதிச் சர்க்கரையை உண்டது. வாயுவுக்குப் போக வழியில்லை. குமிழியை நம்பியது எங்கள் பிழை. நம்ப வேண்டியது திரவமானியை. பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியின் உறவினர் அது. தொடக்கத்தில் சாறு சுமார் 1.048 காட்டும். முடியும்போது 1.000 அல்லது அதற்குக் கீழே இறங்கும். மூன்று நாள் இடைவெளியில் இருமுறை பார்த்து, அளவு மாறாதிருந்தால்தான் முடிந்தது என்று பொருள். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் மதுவின் விழுக்காடு தெரியும். இங்கே ஆறுக்குச் சற்று மேல். 1.010 இல் நின்றதைப் புட்டியில் அடைத்தால், மீதமுள்ள சர்க்கரை சாதாரண சோடாவைப் போல் ஏறக்குறைய இருமடங்கு வாயுவைத் தரக்கூடும். கண்ணாடி என்ன செய்யும்?

இரண்டு மூன்று வாரங்களில் தெளிந்ததும், அடிமண்டியைக் கலக்காமல் குழாய் வழியாகச் சோடா விற்கும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கு மாற்றுங்கள். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை, அதாவது தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி, போட்டு மூடுங்கள். தினமும் புட்டியை அமுக்கிப் பாருங்கள். புதிய சோடாப் புட்டி போல் விறைத்ததும் உடனே குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விறைத்துவிடும்.

முதல் வாய் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இனிப்பே இராது, சர்க்கரை அனைத்தையும் ஈஸ்ட் தின்றுவிட்டதே! இனிப்பு வேண்டுவோர் புட்டியில் சேர்க்காமல், குவளையில் ஊற்றிய பிறகு கொஞ்சம் புதிய சாற்றைக் கலந்துகொள்ளலாம். எங்கள் இரண்டாவது நான்கு லிட்டரை அப்படித்தான் குடித்தோம். பாட்டிக்கு மட்டும் வெறும் ஆப்பிள் சாறு கொடுத்தோம்.