கடை மூடினால் கதை முடியுமா?

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "மால் என்பது பணம் பிடுங்கும் இடம். வியாபாரம் படுத்தால் இடித்துவிட வேண்டியதுதான்" என்றார். தமிழிலே மால் என்றால் மயக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. தம்பி அந்த மயக்கத்திலேயே நின்னுட்டார்! (கைதட்டல்)

1956-ல் மினசோட்டாவிலே திறந்த சவுத்டேல் மாலை வடிவமைத்தவர் விக்டர் குரூயன், வியன்னாக்காரர். கடையோடு பள்ளி, மருத்துவமனை, வீடு எல்லாம் பக்கத்திலேயே இருக்கணும்னு ஆசைப்பட்டார். முதலாளிகள் கடையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. தாலியை மறந்துட்டுப் பந்தி போட்ட கல்யாணம்!

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரிலே 1970-ல் ஒரு மால் திறந்தாங்க. புறநகரிலே புது மால்கள் வந்ததும் கூட்டம் அங்கே போயிடுச்சு. இங்கே கடைகள் காலி. ஆரன் ஷெர்லி என்று ஒரு குழந்தை மருத்துவர், கறுப்பினத்தவர். 1990-களிலே அந்தக் காலிக் கூடங்களைப் பார்த்தார். விசாலமான இடம், வண்டி நிறுத்த மைதானம், சுற்றிலும் ஏழைக் குடும்பங்கள். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், ஜாக்சன் அரசுப் பல்கலைக்கழகம், டூகலூ கல்லூரி மூன்றையும் சேர்த்தார். சாமான் விற்ற இடத்திலே டாக்டர்கள் உட்கார்ந்தாங்க ஐயா!

என் தாயாருக்குச் சர்க்கரை. எங்க ஊரிலே ரத்தம் கொடுக்க ஒரு தெரு, மாத்திரைக்கு ஒரு தெரு, கண் பார்க்க இன்னொரு தெரு. "போதும்டா, கால் வலிக்குது"ன்னு மூணாவது தெருவுக்கு வரலை. ஆறு மாதம் கழித்துக் காட்டினோம். இடது கண் போயிருந்தது.

அந்த மூணு தெருவையும் ஒரே கூரைக்குள்ளே கொண்டுவந்த கட்டடத்தையா தம்பி இடிக்கச் சொல்றார்?