நின்றே தேயும் கால்கள்



கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளின் கரிசல் மண் வானத்தை நம்பியது. புரட்டாசியில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் விதைத்தவர், மழை பொய்த்தால் தை மாதத்தில் வெறுங்கையோடு நிற்கிறார். தீப்பெட்டித் தொழிலில் இயந்திரம் புகுந்தபின் கைவேலையும் சுருங்கிவிட்டது. இத்தகைய வீட்டுப் பிள்ளைகளே சென்னை, கோவை, திருப்பூர் ஜவுளிக்கடைகளுக்குப் பேருந்து ஏறுகின்றனர். தாய் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். மகளோ காலை முதல் இரவு வரை நின்றே சேலை விரிக்கிறாள்.

நிற்பதும் ஒரு சிரமமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நாள் நின்று பாருங்கள். பாதம் வீங்கும், கால் நரம்புகள் புடைக்கும். கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்க அஞ்சித் தண்ணீர் குடிக்காமலேயே இருக்கும் பெண்களும் உண்டு. இக்கொடுமையை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்கள் கோழிக்கோடு கடைத்தெருப் பெண்கள். தையல் தொழிலாளியான விஜி 'பெண்கூட்டு' என்னும் அமைப்பைத் தொடங்கினார். கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்தது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை அளிப்பது முதலாளியின் கடமையாயிற்று.

அச்சட்டம் முன்பே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்திருந்தது. 4 மணி நேர வேலைக்குப் பின் 1 மணி நேர ஓய்வு. மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. தம் கடையில் இது நடக்கிறதா என்பதை நம் சமுதாய வணிகர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

நாற்காலி போட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதில் அமர்ந்தவளைக் கேமராவில் பார்த்து மேலாளர் ஏசினால், அந்த நாற்காலி ஆய்வாளருக்காகப் போடப்பட்டதே அன்றிப் பணியாளருக்காக அன்று. வாடிக்கையாளர் முன் அமர்வது மரியாதைக் குறைவாம்! அந்த வாடிக்கையாளர் யார்? பெருநாள் துணி எடுக்கச் செல்லும் நீங்களும் நானும்தானே?

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மீறிய சுமையை அவர்கள்மீது ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். பாங்கு சொன்னதும் வணிகத்தை விட்டுவிட்டு வந்து விரிப்பில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் கடையில் கல்லாவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இந்நேரம் யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள். தொழுகை முடிந்து திரும்பியதும், அவர்களில் யார் இன்னும் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை என்று முதலில் கேளுங்கள்.