அம்மாமாரின் முழங்கால்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச முழங்கால் ஒரு தலைப்பா என்று சங்கத்துச் சகோதரிகள் சிரித்தார்கள். இன்று காலை இந்த மண்டபத்துப் படிகளில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். ஐம்பதைத் தாண்டிய அக்காமார் பலர் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினார்கள். கூட வந்த அம்மாமார் சிலர் கீழே வாங்கிலேயே இருந்துவிட்டார்கள்.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். "ஏறுறப்ப வலியில்ல டாக்டரம்மா, எறங்குறப்பதான் உசுரு போகுது" என்றார். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டோம். மகள் உயர்தரம் எழுதிய வருடமாம். அவர் எங்களிடம் வந்தபோது அந்த மகளுக்கு இரண்டு பிள்ளைகள். இடையில் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கே எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும் என்பது பசறையில் பிறந்த நமக்குத் தெரியாததா?

அவர் சொன்ன இறக்கத்துக்குக் காரணம் உண்டு. படியில் இறங்கும்போது உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேலான பாரம் முழங்காலில் விழுகிறது. நம் மலைகளில் அதோடு கொழுந்துச் சாக்கும், பின்னேரம் விறகுக் கட்டும் சேர்ந்துகொள்ளும்.

உயிரியல் வகுப்பில் கசியிழையம் என்று படித்தோம், நினைவிருக்கிறதா? என்பின் நுனியை மூடியிருக்கும் வழுக்கலான உறை. அதற்கு இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் அது பழுதாகத் தொடங்கும்போது வலிக்காது. மூட்டின் உள்ளுறை வீங்கி, அடியிலுள்ள என்பு பாதிக்கப்படும்போதுதான் வலி தெரியும். தொடக்கத்தில் அது வேலை முடிந்த மாலையில் வரும், படுத்தால் போய்விடும். காலையில் எழும்பும்போது ஒரு பிடிப்பு, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும். இப்படியே வருடக்கணக்கில் போகும். பிறகு குந்தி எழும்ப முடியாது, மூட்டு நெறுநெறுக்கும், சில நாட்களில் வீங்கும். பலருக்கு முழங்காலின் உட்பக்கம் முதலில் ஒடுங்கி, கால் வெளிப்பக்கமாக வில்லைப் போல வளையும். வளைந்தபின் பாரம் இன்னும் உட்பக்கமாகவே விழுவதால் பழுது வேகமாகக் கூடும். கடைசியில் இரவிலும் வலி நித்திரையைக் கெடுக்கும்.

எல்லோரும் அந்தக் கடைசிவரை போவதில்லை. பலர் நடுவிலேயே பல வருடங்கள் நின்றுவிடுகிறார்கள். கெல்கிரன், லோரன்ஸ் என்ற இருவர் 1957இல் எக்ஸ்ரேயை வைத்து 0 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள். இன்றும் அதையே பாவிக்கிறோம். ஆனால் 2ஆம் தரத்தில் அழுதுகொண்டு வருபவரும் உண்டு, 4ஆம் தரத்தோடு கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிறவரும் உண்டு. எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயந்து கட்டிலில் விழுந்த அம்மாமாரை நாங்கள் நிறையக் கண்டிருக்கிறோம். 'தேய்வு' என்ற சொல்லே அவர்களைக் கெடுத்தது. தேய்ந்த டயரை ஓட்டாமல் வைப்பதுபோல் காலையும் ஆட்டாமல் வைத்துவிடுகிறார்கள். மூட்டோ உயிருள்ளது. அசையாமல் இருந்தால் தொடையின் முன்தசை மெலிந்து, முழங்காலுக்குத் தாங்குதல் இல்லாமல் போகும்.

எங்கள் தவறையும் சொல்லவேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது டைக்லோஃபெனாக் எழுதிக்கொடுப்பது சுலபம். அந்தத் துண்டையே காட்டி மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்டு, வயிற்றில் புண்ணோடும் பழுதான சிறுநீரகத்தோடும் திரும்பி வந்தவர்கள் உண்டு. மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்கள் சுகம் தரும். ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 140 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையென இரண்டு வருடங்கள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, கசியிழையம்தான் கூடுதலாகக் குறைந்தது.

டுபாயிலும் டொரொண்டோவிலும் இருந்து குளுக்கோசமின் போத்தல் அனுப்பும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. 2006இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் செய்த ஆய்வில், மொத்தத்தில் அது வெறும் மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. அந்தக் காசில் அம்மாவின் மலசலகூடத்தில் உட்காரும் கொமட் ஒன்றைப் பொருத்துங்கள். நல்ல கைத்தடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். வலி வலது காலில் என்றால் தடி இடது கையில் இருக்கவேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. எடை கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறையும்.

இவையெல்லாம் செய்தும் இரவு நித்திரையில்லை, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை இருக்கிறது. பொருத்திய மூட்டுகளில் பத்துக்கு எட்டு 25 வருடங்கள் நிலைக்கின்றன. "இந்த வயசுல எனக்கெதுக்கு" என்று அம்மா சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டிலும் அதே வார்த்தைதான். வைத்தியப் பிள்ளை இருந்த வீட்டில், சித்தாலேபப் போத்தலும் பழைய சீலைத் துண்டுமாக ஆறு வருடம் போனது. நாங்கள் விடுமுறையில் வரும்போதெல்லாம் அம்மா எங்களுக்கு முன்னால் நொண்டாமல் நடந்திருக்கிறார். தங்கைதான் பிறகு சொன்னாள்.

நாங்கள் பார்த்த அந்த அம்மாவுக்கு எழுதிக்கொடுத்தது இந்தப் பயிற்சியைத்தான். எல்லோரும் கதிரையில் நிமிர்ந்து இருங்கள். வலது காலை முன்னால் நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி, தொடையை இறுக்குங்கள். பத்துவரை எண்ணி மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். மூன்று மாதம் விடாமல் செய்தார். குந்த முடியவில்லை, ஆனால் பஸ் படியில் தானே ஏறுகிறார்.

தேநீர் இடைவேளையில் கீழே வாங்கில் இருக்கும் அம்மாமாரிடம் நாங்களே வருகிறோம். எக்ஸ்ரே இருந்தால் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.