கல்கத்தாவின் சோதனைக்குழாய்

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தாள் என்பது தெரிந்த செய்தி. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் துர்கா என்ற இன்னொரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தாள். அதற்குக் காரணமானவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

இவர் செய்த முறைதான் ஆச்சரியம். இங்கிலாந்தில் இயற்கையாக முதிர்ந்த ஒரே கருமுட்டையை எடுத்தார்கள். இவரோ ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிரவைத்தார். உருவான கருவை உறையவைத்துப் பாதுகாத்து, பிறகு தாயின் கருப்பையில் சேர்த்தார். இன்று கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடப்பது ஏறக்குறைய இதுதான்!

ஆனால் யாரும் நம்பவில்லை. மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அது இவர் சொன்னதை ஏற்கவில்லை. ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது, போக அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆராய்ச்சியாளருக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை? மாற்றியவர்களைத்தான் கேட்க வேண்டும். 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

1986-இல் மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்ற பெயர் அவளுக்குக் கிடைத்தது. அதற்கு உழைத்த விஞ்ஞானிகளில் முக்கியமானவர் ஆனந்த்குமார். 1997-இல் முகோபாத்யாயின் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. படித்துப் பார்த்தவர், ‘முதல் பெருமை எனக்கல்ல, அவருக்கே’ என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டார்.