கோபுரத்தில் குழாய் வேலை பார்த்தவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரிய விஞ்ஞானியைப் பற்றியோ, தொழிலதிபரைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு ஒரு பிளம்பரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்! நான் கட்டட கான்ட்ராக்ட் தொழிலில் இருப்பவன். கொத்தனார் ஒருநாள் வராவிட்டால் சமாளித்துவிடலாம், பிளம்பர் வராவிட்டால் வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும்.

அவர் பெயர் ஹாரி பேட்ச். இங்கிலாந்தில் பாத் நகரத்தை ஒட்டிய கோம் டவுன் என்ற ஊரில் 1898 ஜூன் 17-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாத் நகரில் குழாய் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பிளம்பர் வேலை இன்றைக்கு நாம் பார்க்கிற பி.வி.சி. குழாயை வெட்டிப் பசை தடவி ஒட்டுகிற வேலை அல்ல. எல்லாம் ஈயம். 'பிளம்பர்' என்கிற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஈயக் குழாய்களை வளைக்க வேண்டும், கூரை ஓரங்களுக்கு ஈயத் தகட்டைத் தட்டிப் படிய வைக்க வேண்டும், உருக்கிய பற்றாசை ஊற்றித் துணியால் வழித்தே மூட்டுப் போட வேண்டும். சூடு ஆறுவதற்குள் கை வேலை முடிந்தாக வேண்டும். குடிநீருக்கு ஈயம் ஆகாது என்று பிற்பாடு உலகம் புரிந்துகொண்டது. ஆனால் அந்தக் கை வேலைத் திறமை லேசுப்பட்டதில்லை.

இப்படித் தொழில் கற்றுக்கொண்டிருந்த பையனை யுத்தம் கூப்பிட்டது. 1916-ல் பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. போர்முனையில் காயப்பட்ட அண்ணன் சொன்னதைக் கேட்டிருந்தவர், போக அவருக்கு ஆசையே இல்லை. ஆனாலும் போனார். 1917-ல் பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்குப் பக்கத்தில், பாஷென்டேல் என்று சரித்திரம் சொல்கிற அந்தச் சண்டையில் நின்றார். ஜூலை 31-ல் தொடங்கி நவம்பர் வரை நடந்த சண்டை அது. மழையும் சேறும் சேர்ந்து ஆளையே விழுங்கிய இடம்.

அவர் இருந்தது லூயிஸ் கன் என்கிற இயந்திரத் துப்பாக்கிக் குழுவில். அதில் அவர் இரண்டாவது ஆள். உதிரிப் பாகங்களைச் சுமந்துகொண்டு, துப்பாக்கி நின்றுபோனால் சரிசெய்து கொடுப்பது அவர் பொறுப்பு. பாருங்கள், அங்கேயும் ரிப்பேர் வேலைதான்! அந்தக் குழு தங்களுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டது: தவிர்க்க முடிகிற வரைக்கும் யாரையும் கொல்லக் கூடாது, சுட வேண்டி வந்தால் காலைப் பார்த்துச் சுடுவது. ஒரு ஜெர்மன் சிப்பாய் துப்பாக்கிமுனையில் கத்தியை மாட்டிக்கொண்டு நேரே ஓடி வந்தபோது, ஹாரி ரிவால்வரால் முதலில் தோளில் சுட்டார். அவன் ஆயுதம் கீழே விழுந்தது, ஆனாலும் வந்துகொண்டே இருந்தான். பிறகு காலில் சுட்டார். கொன்றிருக்கலாம், கொல்லவில்லை.

1917 செப்டம்பர் 22 இரவு. அந்தக் குழு முன்னணியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து வெடித்தது. கூட வந்த நண்பர்கள் மூன்று பேர் போய்விட்டார்கள். ஹாரியின் அடிவயிற்றுப் பக்கம் குண்டுத் துண்டு பாய்ந்தது. மயக்க மருந்து இல்லாமலே அதை எடுத்தார்கள். ஊருக்கு அனுப்பினார்கள். அவருக்கு வயது 19.

யுத்தம் 1918-ல் முடிந்தது. ஹாரி என்ன செய்தார்? மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்தார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் வில்ஸ் நினைவுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். 1915-ல் தொடங்கி, யுத்தத்தால் நின்று, 1919-க்குப் பிறகு மீண்டும் நடந்த வேலை. 215 அடி உயரக் கோபுரம். அந்தக் கட்டடத்தில் நான்கு வருஷம் பிளம்பர் வேலை பார்த்தார் நம்ம ஆள். 1925 ஜூனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்து வைத்தார். திறப்பு விழாவுக்கு ஹாரியும் போயிருந்தார். மன்னர் பெயர் சரித்திரத்தில் ஏறியது. குழாய் போட்டவர் பெயரை யார் எழுதப் போகிறார்கள்?

பிறகு அந்தக் கம்பெனியின் பிரிஸ்டல் கிளைக்கு மேனேஜர் ஆனார். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது ராணுவத்துக்கு வயது கடந்துவிட்டது. சும்மா இருந்தாரா? பாத் நகரில் பகுதிநேரத் தீயணைப்பு வீரராகச் சேர்ந்தார். 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைத் தாக்கியபோது தீயை அணைக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் சாமர்செட்டில் ஸ்ட்ரீட் என்கிற சின்ன ஊருக்குக் குடிபோய், குழாய்த் தொழில் நடத்தி, 65 வயதில் ஓய்வு பெற்றார். நம் ஊரிலும் கடைத்தெருவில் இப்படி ஒருத்தர் இருப்பார். 'நல்ல தொழில்காரர், பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி' என்று சொல்வோமே, அந்த மாதிரி.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இந்த மனிதர் போரைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, 80 வருஷம்! முதியோர் இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே துணிமணி வைக்கிற அறை ஒன்று. ராத்திரியில் ஊழியர் யாராவது அங்கே சட்டென்று விளக்கைப் போட்டால், அந்த வெளிச்சம் அவருக்குக் குண்டு வெடிப்பது போல இருக்குமாம். மறந்துவிட்டதால் பேசாமல் இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். தினம் அதோடுதான் வாழ்ந்திருக்கிறார்.

1998-ல் அவருக்கு நூறு வயது. பி.பி.சி. படம் எடுப்பதற்காகக் கேட்க வந்தார்கள். அப்போதுதான் வாய் திறந்தார். திறந்த பிறகு நிறுத்தவில்லை. 2004-ல் பெல்ஜியத்துக்குப் போய், அதே பாஷென்டேலில் எதிர்த்தரப்பில் நின்ற சார்ல்ஸ் குவென்ஸ் என்ற முதியவரைச் சந்தித்தார். இரண்டு பேருக்கும் வயது நூறைத் தாண்டியது. ஒருவர் பிஸ்கட் டப்பா கொண்டு வந்தார், இவர் தம் ஊர் ஆப்பிள் மதுவைக் கொண்டு போனார். கை குலுக்கிக்கொண்டார்கள். சண்டை போட்ட இரண்டு பேர் பலகாரம் மாற்றிக்கொள்ள 87 வருஷம் ஆகியிருக்கிறது.

நவம்பர் 11-ல் நாடே அஞ்சலி செலுத்தும். ஆனால் தமக்கு நினைவு நாள் செப்டம்பர் 22 என்றுதான் அவர் சொல்லிவந்தார். அந்த மூன்று நண்பர்களின் நாள்.

2005 டிசம்பரில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது. வயது 107! வில்ஸ் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, 2008 பிப்ரவரியில் அதை மறுபடி திறந்து வைக்க அவரையே அழைத்தார்கள். முதல் தடவை மன்னர் திறந்தார், அடுத்த தடவை பிளம்பர் திறந்தார். ஒரு பல்கலைக்கழகம் தன் மரியாதையைத் தானே காப்பாற்றிக்கொண்ட நாள் அது என்று நான் சொல்வேன்.

2009 ஜூலை 25-ல், 111 வயதில் காலமானார். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் போரிட்டவர்களில் பிரிட்டனில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். வெல்ஸ் தேவாலயத்தில் ஆகஸ்ட் 6-ல் இறுதிச் சடங்கு. ஆயிரக்கணக்கில் ஜனம். அவர் விருப்பப்படி சடங்குக்கான ஆயுதம்கூட அங்கே அனுமதிக்கப்படவில்லை. சவப்பெட்டியோடு பெல்ஜியம், பிரான்ஸ் வீரர்களும், ஜெர்மன் வீரர்களும் நடந்தார்கள்.

அந்த யுத்தம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்க வேண்டாம். 1914-லேயே இந்தியச் சிப்பாய்கள் ஈப்ருவில் நின்றார்கள். அங்கே மெனின் வாயிலில் நம் நாட்டவர் பெயர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சென்னையில் கோட்டைக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் நிற்கிற போர் நினைவுச்சின்னம் முதலில் எழுப்பப்பட்டது அந்தப் போருக்காகத்தான். ஆனால் போய்த் திரும்பியவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று அவர்களை உட்காரவைத்து எத்தனை பேர் கேட்டோம்? அவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி கேட்க முடியாது.

ஆனால் இன்னும் கேட்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். நம் கேட்டில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் அண்ணன், பாங்கில் துப்பாக்கியோடு நிற்கிறவர், சைக்கிள் கடை, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற 'மிலிட்டரிக்காரர்', இவர்களில் 1971-ஐப் பார்த்தவர்கள் உண்டு, இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர்கள் உண்டு, கார்கிலைப் பார்த்தவர்கள் உண்டு. பென்ஷன் எவ்வளவு, கான்டீன் கார்டில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறோம். வேறு ஏதாவது கேட்டிருக்கிறோமா?

அதேபோல், நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மண்டபத்தின் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது, நன்கொடை தந்தவர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான். ஹாஸ்டலுக்குத் தண்ணீர் ஏற்றிய மோட்டார்க்காரர், ஒயரிங் செய்தவர், பெஞ்சு அடித்த ஆசாரி, இவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். தம்பி தங்கைகளே, ஆளுக்கொருவராகத் தேடிப் போங்கள். கையில் போன் இருக்கிறது, பேச்சைப் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை. பதிவு செய்யலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். சொல்ல மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள், அடுத்த மாதம் மறுபடி போங்கள். பத்துப் பக்கத்துக்கான அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். மேடையில் சொல்லிவிட்டேன், பொருளாளர் குறித்துக்கொள்ளலாம்.

ஹாரிக்கு 111 வருஷ ஆயுசு இருந்ததால், உலகம் தாமதமாகக் கேட்டும் பதில் கிடைத்தது. எல்லாருக்கும் அவ்வளவு ஆயுசு இருக்காது. சீக்கிரம் போய்க் கேளுங்கள்.